ஓப்ரா டின் கப்பலில் முதல் சில மணி நேரம்: ஊகிக்காமல் துப்பறிய ஒரு முழுமையான வழிகாட்டி

துப்பறியும் கேம்கள் பலவற்றில் உண்மையாகத் துப்பறிவது நாம் இல்லை. தடயத்துக்குப் பக்கத்தில் போனால் அது மின்னும். பட்டனை அழுத்தினால் கதாநாயகனே முடிவை வாய்விட்டுச் சொல்லிவிடுவான். அடுத்து எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி வரும். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' இந்த உதவிகளில் ஒன்றைக்கூடத் தராது. ஒரு கப்பல், ஒரு புத்தகம், ஒரு கடிகாரம், 60 பேர். யார் யார், யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

லூகாஸ் போப் என்ற ஒற்றை மனிதர் ஏறக்குறைய முழுவதையும் தானே உருவாக்கி 2018 அக்டோபரில் கணினிக்கு வெளியிட்டார். சரியாக ஓராண்டு கழித்து ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் வந்தது. எனக்குத் தெரிந்து இதைத் தொடங்கிய பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே திணறி நிறுத்திவிடுகிறார்கள், அல்லது யூடியூபைத் திறந்து விடையைப் பார்த்துவிடுகிறார்கள். இரண்டாவது ரொம்பப் பெரிய இழப்பு, ஏனென்றால் இதை வாழ்நாளில் ஒருமுறைதான் முழுசாக விளையாட முடியும். விடை தெரிந்தபின் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்த வழிகாட்டியில் விடைகள் இல்லை. எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது, எப்போது எழுதுவது என்பது மட்டும்தான். எடுத்துக்காட்டுகளும் முதல் பத்து நிமிடத்தில் நீங்களே பார்க்கப்போகிறவைதான்.

கதை எங்கே தொடங்குகிறது

ஓப்ரா டின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய சரக்குக் கப்பல். 1802-இல் 200 டன்னுக்கு மேற்பட்ட சரக்குடன் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பியது. ஆறு மாதத்தில் நன்னம்பிக்கை முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. கடலில் தொலைந்ததாக அறிவித்துவிட்டார்கள். 1807 அக்டோபர் 14 அதிகாலையில், பாய்கள் கிழிந்து, ஆள் அரவமே இல்லாமல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபால்மத் துறைமுகத்துக்கு அது தானாக மிதந்து வருகிறது. நீங்கள் கம்பெனியின் லண்டன் அலுவலகத்துக் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் ஏறி, என்ன நடந்தது என்று கணக்கு எழுத வேண்டும்.

கப்பலும் ஆட்களும் கற்பனை, கம்பெனி நிஜம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு விளையாடினால் கேம் இன்னும் ஆழமாகப் படும். ஓப்ரா டின் கரை ஒதுங்குவதற்கு 15 மாதம் முன்புதான், 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் இதே கம்பெனியின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலம் அது. கம்பெனிக் கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தன. அப்படிப்பட்ட கப்பல் ஒன்றின் உள்ளே என்ன இருந்தது, யார் எங்கே தூங்கினார்கள், மாடுகளை எங்கே கட்டினார்கள் என்பதையெல்லாம் காலால் நடந்து பார்க்கிற வாய்ப்பை இந்த கேம் தருகிறது.

முதல் படி: தொடங்கும் முன்

ஹெட்போன் கட்டாயம். இதில் தடயங்களில் பாதி காதுக்குத்தான். ஸ்பீக்கரில், அதுவும் ஃபேன் சத்தத்துக்கு நடுவே விளையாடினால், கதவுக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு குரலைத் தவறவிடுவீர்கள். அந்த ஒரு குரலில் ஒருவருடைய பெயரே அடங்கியிருக்கும்.

திரை இரண்டே நிறத்தில் இருக்கும். பழைய மெக்கின்டாஷ் கணினிகளைப் போல, புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்து நிழலும் வெளிச்சமும் காட்டுகிறது. முதல் பத்து நிமிடம் கண் கூசலாம், சிலருக்குத் தலைசுற்றலாம். திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அமைப்புகளில் பழைய மானிட்டர்களின் பெயரில் வேறு வேறு நிறச் சாயல்கள் இருக்கின்றன. கண்ணுக்கு எது இதமோ அதைத் தேர்ந்தெடுங்கள். சக்திவாய்ந்த கிராபிக்ஸ் கார்டு எதுவும் வேண்டாம். ஸ்விட்சைக் கையில் வைத்து விளையாடவும் முடியும். ஆனால் முகங்களை உற்றுப் பார்க்க வேண்டிய கேம் என்பதால் பெரிய திரையையே நான் சொல்வேன்.

தமிழ் வசன வரிகள் கிடையாது. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், அதுவும் 200 ஆண்டுக்கு முந்தைய மாலுமிகளின் ஆங்கிலம். புத்தகத்தின் கடைசியில் சொற்பட்டியல் இருக்கிறது. முதலிலேயே சில பதவிகளைத் தெரிந்துகொண்டால் போதும். மேட் என்பவர்கள் கேப்டனுக்கு அடுத்த அதிகாரிகள், முதலாமவர் முதல் நான்காமவர் வரை இருக்கிறார்கள். மிட்ஷிப்மேன்கள் அதிகாரியாகப் பயிற்சி பெறும் இளவட்டங்கள். போசன் மேல்தளத்து வேலைகளையும் கயிறுகளையும் மேய்ப்பவர். டாப்மேன் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறுபவர். பர்சர் கணக்குப்பிள்ளை. ஸ்டீவர்ட் ஒரு அதிகாரிக்கென்றே ஒதுக்கப்பட்ட பணியாள். இவ்வளவு தெரிந்தாலே ஆளைப் பார்த்ததும் பாதி யூகம் வந்துவிடும்.

கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். கேமுக்குள் இருக்கும் புத்தகம் பெரும்பாலானவற்றைத் தானே பதிந்துவைக்கும். ஆனாலும் 'இவன் எப்போதும் அந்த அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறான்' என்பதுபோன்ற உங்கள் சந்தேகத்தை எழுதிவைக்க அதில் இடமில்லை.

இரண்டாம் படி: முதல் பிணம்

கப்பலில் ஏறியதும் படகோட்டி ஒரு பெட்டியை மேலே கொடுப்பார். அதில் புத்தகமும் ஒரு சட்டைப்பைக் கடிகாரமும் இருக்கும். பிணத்தின் அருகே கடிகாரத்தைத் திறந்தால் அந்த மனிதர் இறந்த கணத்துக்குப் போவீர்கள். முதலில் இருட்டு, வெறும் ஒலி. பிறகு அந்தக் கணம் அப்படியே உறைந்து நிற்கும். துப்பாக்கிப் புகைகூட காற்றில் நிற்கும். அதற்குள் நீங்கள் நடமாடலாம்.

முதல் நினைவு கேப்டன் அறையின் வாசலில். வெளியே நிற்பவர்கள் கதவைத் திறக்கச் சொல்லிக் கேப்டனை அழைக்கிறார்கள், பிறகு கதவை உடைக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு குண்டு பாய்ந்து ஒருவன் சாகிறான். இங்கே சற்று நின்று யோசியுங்கள். இந்த ஒரு காட்சியிலிருந்து உறுதியாக என்ன தெரியும்? சுட்டவர் கேப்டன். புத்தகத்திலுள்ள ஆட்பட்டியலில் கேப்டன் ஒருவர்தான், ராபர்ட் விட்டரெல். ஆக கொன்றவர் தெரிந்துவிட்டது, கொல்லப்பட்டவர் யார் என்று துளிகூடத் தெரியாது. அவன் எப்படி இறந்தான், யாரால் இறந்தான் என்பதை மட்டும் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பெயரைக் காலியாக விடலாம். முழு கேமும் இப்படித்தான் நகரும். ஒரு ஆளைப் பற்றிய மூன்று கேள்விகளுக்கு மூன்று வேறு வேறு இடங்களில் பதில் கிடைக்கும், சில சமயம் பல மணி நேர இடைவெளியில்.

பெயரை நிரப்பியே ஆக வேண்டும் என்ற பதற்றம் முதல் மணி நேரத்தில் எல்லோருக்கும் வரும். அதை அடக்குங்கள். முதல் சுற்றில் கதையைப் பார்த்துக்கொண்டே போங்கள். பத்து அத்தியாயங்கள் கொண்ட கதை கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்கி, முன்னும் பின்னுமாகத் திறக்கும். ஒரு நினைவுக்குள் இன்னொரு பிணம் கிடந்தால், அங்கிருந்தே அதன் நினைவுக்குப் போகலாம். இப்படிச் சங்கிலியாகப் போகும்போது எல்லாம் குழம்பித்தான் இருக்கும். அந்தக் குழப்பம் கேம் வேண்டுமென்றே செய்வது.

ஒரு சின்ன எரிச்சல் உண்டு. ஒரு நினைவுக்குள் முதன்முறை நுழையும்போது இசை ஓடி முடியும்வரை வெளியேற முடியாது. பிறகு அதே நினைவைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் கப்பலில் அந்த இடத்துக்கு நடந்தே போக வேண்டும். புத்தகத்திலிருந்தே தாவ வழி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த நடையால்தான் கப்பலின் அமைப்பு மனதில் பதிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த ஏணி எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதே பின்னால் தடயமாகிறது.

மூன்றாம் படி: பார்க்கும் முறை

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். ஒரு நினைவுக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் சாகிறவன் மேல் போகும். அவன் எங்கேயும் போகப்போவதில்லை. முதலில் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள்.

சம்பவத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஓரத்தில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். ஒருவன் ஏணியில் பாதி இறங்கியிருப்பான். ஒருவன் அடுத்த அறையில் ஏதோ வேலையில் இருப்பான். லூகாஸ் போப் யாரையும் சும்மா நிறுத்திவைக்கவில்லை. எந்த அறையில் இருக்கிறான், கையில் என்ன கருவி, என்ன வேலை பாதியில் நிற்கிறது என்பதிலிருந்து அவனுடைய பதவி தெரியும். சமையற்கட்டில் நிற்பவன் ஒருமுறை அங்கே நிற்பது தற்செயலாக இருக்கலாம், மூன்று நினைவுகளிலும் அங்கேயே நின்றால் அது தற்செயல் இல்லை.

அடுத்து உடை. அதிகாரிகளின் கோட்டு வேறு, ஸ்டீவர்ட்களின் உடை வேறு, சாதாரண மாலுமிகளின் சட்டை வேறு. தலைப்பாகை, பச்சை குத்தல், தாடி, காலணி, எல்லாவற்றையும் தலை முதல் கால் வரை பாருங்கள். கால் வரை என்று சும்மா சொல்லவில்லை.

மூன்றாவது, யார் யாருடன். மனிதர்கள் தங்கள் ஆட்களோடு சேர்ந்தே நிற்பார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். ஆட்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்த நாட்டவர் என்று இருக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ரஷ்யா, சீனா, இன்றைய தைவானாகிய ஃபார்மோசா, இந்தியா என்று நீளும். வில்லியம் வசீம், ஆபிரகாம் அக்பர் என்ற பெயர்களைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கம்பெனிக் கப்பல்களில் இந்திய மாலுமிகள், அதாவது லஸ்கர்கள், வேலை செய்தது வரலாறு. கிழக்கே வந்த ஐரோப்பிய மாலுமிகள் நோயில் சாகவும் தப்பியோடவும், திரும்பும் பயணத்துக்கு லஸ்கர்களை ஏற்றினார்கள். லண்டன் போய்ச் சேர்ந்தவர்கள் அந்தக் குளிரில் ஊர் திரும்பும் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு இந்த கேமில் முகமும் பெயரும் உண்டு. அந்த முகத்தையும் அந்தப் பெயரையும் இணைப்பது உங்கள் பொறுப்பு.

நான்காவது, குரல். நினைவுக்கு முன்னால் வரும் இருட்டில் பேசுவது யார் என்று கேம் சொல்லாது. வசனத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள், உச்சரிப்பைக் கேளுங்கள். வேற்றுமொழியில் ஒருவர் பேசினால் யார் யாராக இருக்க முடியும் என்று பட்டியலைப் பாருங்கள், ஐந்தாறு பெயராகச் சுருங்கும். யாரை யார் எப்படி அழைக்கிறார் என்பதும் முக்கியம். ஒருவர் மற்றவரைப் பதவியால் அழைக்கிறாரா, பெயரால் அழைக்கிறாரா, உறவு சொல்லி அழைக்கிறாரா? கேப்டனுக்கு மனைவி உண்டு, மனைவிக்கு அண்ணன் தம்பி இருக்கலாம். பட்டியலில் நடுப்பெயர்களையும் விடாமல் படியுங்கள்.

கடைசியாக, தூங்கும் இடம். மாலுமிகள் தொங்கு படுக்கைகளில் தூங்கும் தளத்தில் நடக்கும் நினைவு வந்தால் அங்கே மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள். இதற்கு மேல் சொன்னால் உங்கள் மகிழ்ச்சியை நான் பறித்ததாகிவிடும்.

நான்காம் படி: புத்தகத்தைப் பயன்படுத்துவது

புத்தகத்தில் கப்பலின் வரைபடம், பயணப் பாதை, ஆட்பட்டியல் எல்லாம் உண்டு. முக்கியமானவை கப்பலில் பயணம் செய்த ஓவியர் வரைந்த கூட்டுப் படங்கள். எல்லா முகங்களும் அவற்றில் இருக்கின்றன. அவை வெறும் முக அட்டவணை இல்லை. அந்தப் படத்திலும் யார் யார் பக்கத்தில் நிற்கிறார், என்ன செய்கிறார் என்பது தடயம்தான்.

ஒரு முகம் மங்கலாக இருந்தால், அவரை அடையாளம் காணத் தேவையான காட்சியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவரை விட்டுவிடுங்கள். முகம் தெளிந்துவிட்டால், தேவையான எல்லாமே உங்கள் கண்முன் வந்துவிட்டது, இனி யோசிப்பதுதான் பாக்கி. முகத்தின் கீழே ஒன்று முதல் மூன்று வரை சின்ன முக்கோணங்கள் இருக்கும். ஒன்று என்றால் எளிது, மூன்று என்றால் கடினம். முதலில் ஒற்றை முக்கோணக்காரர்களை முடியுங்கள். இதைக் கவனிக்காமல் மூன்று முக்கோண ஆளிடம் மல்லுக்கட்டிச் சோர்ந்து போகிறவர்கள் நிறைய.

இன்னொரு வசதியைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துப் புத்தகக்குறி வைத்தால், அவர் தென்படும் நினைவுகள் எல்லாவற்றையும் புத்தகம் காட்டும். ஒரே ஆளை எடுத்துக்கொண்டு அவருடைய முதல் நினைவு முதல் கடைசி வரை வரிசையாகப் போய்ப் பாருங்கள். பெயரே இல்லாமல் ஓரத்தில் நின்ற ஒருவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது தெரியவரும். யாருக்கு உதவினார், எப்போது பயந்தார், யாரைக் காப்பாற்றப் போய்ச் செத்தார் என்பதெல்லாம். எனக்கு இந்த கேமில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

ஐந்தாம் படி: மூன்று மூன்றாக

மூன்று பேருடைய பெயரும் முடிவும் சரியாக இருந்தால்தான் புத்தகம் அதை ஒப்புக்கொள்ளும். அப்போது உங்கள் கையெழுத்து அச்செழுத்தாக மாறி நிலைத்துவிடும். ஒன்றை மட்டும் போட்டுச் சரியா தவறா என்று சோதிக்க முடியாது. மிக எளிமையான ஏற்பாடு, ஆனால் முழு கேமும் இதன் மேல்தான் நிற்கிறது.

இதைக் குறுக்குவழியாகவும் பயன்படுத்தலாம். இரண்டு பேர் உறுதி என்றால், மூன்றாவது ஆளுக்கு ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்க்கலாம். செய்யாதீர்கள். அப்படிக் கிடைத்த பெயர் உங்கள் மனதில் ஒட்டாது, அடுத்த ஆளைக் கண்டுபிடிக்கவும் உதவாது. ஆனால் நேர்மையான நீக்கல் முறை வேறு. இவர் டாப்மேன், இந்த நாட்டவர், மிச்சமிருப்பது இரண்டே பெயர் என்ற இடத்துக்கு யோசித்து வந்து சேர்ந்திருந்தால், இரண்டையும் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எங்கே கோடு கிழிப்பது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: இந்தப் பெயரை ஏன் போடுகிறேன் என்று ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல முடிந்தால் போடுங்கள்.

எப்படி இறந்தார் என்ற இடத்தில் குழப்பம் வந்தால் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். கத்தியா ஈட்டியா என்று தெளிவில்லாத சில மரணங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை கேம் ஏற்கிறது. ஆனால் எல்லோரும் இறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை மறக்காதீர்கள். விடைப் பட்டியலில் உயிரோடு இருக்கிறார் என்பதும் ஒன்று.

மாட்டிக்கொண்டால்

இருபது பேர் ஆனதும் ஒரு சுவர் வரும். அப்போது கேமை மூடிவிட்டு மறுநாள் வாருங்கள். திரும்பி வந்ததும் ஆட்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, மிச்சமுள்ள பதவிகளை மட்டும் தாளில் எழுதுங்கள். பெயரிலிருந்து முகத்துக்குப் போவதற்குப் பதிலாகப் பதவியிலிருந்து போங்கள். நான்காம் மேட்டின் ஸ்டீவர்ட் யார் என்று தெரியவில்லையா? நான்காம் மேட் தெரியும் அல்லவா, அவருக்குப் புத்தகக்குறி வைத்து, பக்கத்தில் யார் திரும்பத் திரும்ப வருகிறார் என்று பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், கூடவே யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும் விஷயங்கள் இதில் நிறைய உண்டு.

வேலை முடிந்து கப்பலைவிட்டு இறங்கினால், ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் கம்பெனி எவ்வளவு பணம் தரும், யார் சொத்திலிருந்து எவ்வளவு அபராதம் பிடிக்கும் என்று ஒரு பட்டியல் வரும். நீங்கள் எழுதியதுதான் அந்தத் தொகையைத் தீர்மானிக்கும். தவறாகக் கொலைகாரன் என்று எழுதப்பட்டவனின் குடும்பம் அதற்கும் சேர்த்து இழக்கும். ஊகித்து எழுதாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கக்கூடிய நினைவுகளை எல்லாம் பார்த்து முடித்ததும் மழை பிடிக்கும், கிளம்பலாம் என்று படகோட்டி அவசரப்படுத்துவார். பயந்து இறங்கிவிடாதீர்கள். உங்களுக்கு நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, அந்த மழையில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கப்பலைச் சுற்றலாம். புத்தகத்தின் எட்டாவது அத்தியாயம் பூட்டியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற அத்தியாயங்களை முழுசாகத் தீர்த்துவிட்டு இறங்குகிறவர்களுக்குத்தான் அது திறக்கும்.